இரண்டு மீட்டருக்கு மேல் ஏறாத ஆறு

கார்த்திகேசு பச்சைச் சட்டை போட்ட நாளிலிருந்து ஆறு ஒழுக்கமாக நடந்துகொள்கிறது என்று ஈப்போவில் ஓர் அறிக்கை சொல்கிறது. அந்த அறிக்கையை அவர் படித்ததில்லை. பாதி மலாயிலும் மீதி கிரேக்க எழுத்திலும் இருந்தது. சின்ன வயசிலிருந்து ரப்பர் மரம் சீவி, மரம் போன பிறகு கையுறைத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருஷம் ஜாகா என்கிற காவல் வேலை பார்த்த மனுசனுக்கு அது விளங்காததில் ஆச்சரியம் இல்லை. எழுதியவருக்கு விளங்கியிருந்தால் அதுதான் ஆச்சரியம்.

சட்டையின் முதுகில் ‘ஆற்று நீர்க் கணித வாரியம்’ என்று எழுதியிருந்தது. கார்த்திகேசுவின் உத்தியோகம் நீர்மட்டப் பதிவாளர், பகுதி நேரம். கிளன்பர்ன் தோட்டத்துப் பாலத்தடியில் நான்கு மீட்டர் இரும்புக் கம்பம் ஒன்று நிற்கிறது. அதில் ஒரு பெட்டி. பெட்டி தண்ணீரைப் பார்த்துப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் ஈப்போவுக்கு அளவு சொல்லும். தண்ணீர் ஏற ஏற யாராவது பக்கத்தில் நின்று பெட்டியைக் கையால் மேலே தள்ளி மாட்டவேண்டும். நனைந்தால் பெட்டி செத்துவிடும். அதற்குத்தான் ஆள்.

வெளிநாட்டுப் பெட்டி என்பதால் அதற்கு விதிகள் இருந்தன. ஏழாவது விதி இது: நீர்மட்டம் இரண்டு மீட்டரைத் தொட்டவுடன் பெட்டியைக் கழற்றி, உயரமான, உலர்ந்த இடத்தில் பத்திரப்படுத்த வேண்டும். மனிதர்களை எங்கே பத்திரப்படுத்துவது என்று எட்டாவது விதியில் சொல்லியிருப்பார்கள் என்று கார்த்திகேசு நினைத்தார். எட்டாவது விதி பெட்டியைத் துடைக்கும் துணியைப் பற்றியது.

தோட்டம் என்று பேர்தானே ஒழிய அங்கே ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. கம்பெனி முதலில் செம்பனை நட்டது, பிறகு மேட்டு நிலத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றது. மேட்டில் சிமெண்டு போட்டதும் மழைத் தண்ணீர் முழுக்கப் பள்ளத்துக்கு வந்தது. பள்ளத்தில் ஆறும், ஆற்றோரம் ஒரு மண் கரையும், கரைக்கு இந்தப் பக்கம் இரண்டு வரிசை லயமும் மிச்சம். லயத்துக்குப் பின்னால் சின்ன மேட்டில் முனியாண்டி கோயில்.

மூன்று வருஷத்தில் மூன்று வெள்ளம் வந்தது. மூன்று தரமும் கார்த்திகேசு தன் கடமையைச் சுத்தமாகச் செய்தார். பெட்டியில் 2.00 என்று எண் விழுந்ததும் கழற்றி, மனைவி செல்லாயியின் பழைய சேலையில் சுற்றி, தோளில் வைத்துக்கொண்டு லயத்தின் நடுவாக நடந்து கோயிலுக்குக் கொண்டுபோனார். அரசாங்கமே தூக்கிக்கொண்டு ஓடுகிற சாமானைப் பார்த்த பிறகு யாருக்கு அபாயச் சங்கு ஊதவேண்டும்? “பெட்டி போவுது, பெட்டி போவுது” என்று ஒரு சத்தம். லயமே மூட்டை முடிச்சோடு அவர் பின்னால் கிளம்பிவிடும். கைப்பேசியில் வரும் எச்சரிக்கையை யாரும் பார்ப்பதில்லை; அது வெயில் காய்கிற நாளிலும் வரும். பெட்டி பொய் சொல்லாது.

செல்லாயிதான் கஷ்டம். இனிப்பு நீர் வியாதியில் அவள் இடது காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். பெட்டி வாசலைத் தாண்டும்போது பக்கத்து வீட்டு லோரிக்காரன் யுகேந்திரன் உள்ளே போய் அவளைச் சக்கர நாற்காலியோடு தள்ளிக்கொண்டு வருவான். மூன்றாவது வெள்ளத்தில் சக்கரம் சேற்றில் மாட்டிக்கொண்டது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளின் கழுத்து வரை தண்ணீர் வந்து போனது. அதிலிருந்து கார்த்திகேசுவுக்குத் தூக்கம் சரியில்லை. கரையை ஒரு மீட்டர் உயர்த்தினால் போதும், அவள் உயிர் தப்பும். அவருக்கு வாழ்க்கையில் வேறு கோரிக்கையே இல்லை.

“அடுத்த தரம் என்னைய விட்டுட்டு நீங்க பெட்டிய தூக்கிட்டு போங்க,” என்றாள் செல்லாயி. “அதுக்காச்சும் விதி இருக்கு. எனக்கு என்னா இருக்கு?”

அடுத்த வாரமே அவர் மனு எழுதி, பஸ் பிடித்து, ஈப்போ மேடான் கிட் பஸ் நிலையத்தில் இறங்கி, வாரியத்து அலுவலகத்துக்கு நடந்து போனார். முகப்பில் ஷர்மினி என்ற அதிகாரி உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண். சிரித்த முகம். மனுவை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

“அண்ணே, இது கடிதம்லா.”

“ஆமாம்மா. மனு.”

“நாங்க வார்த்தைய எடுக்கறது இல்லண்ணே. வாரியம் முழுசா கணிதத்துக்கு மாறி ரெண்டு வருஷம் ஆச்சு. சமன்பாடா எழுதிக் குடுங்க. போரம் அங்க இருக்கு.”

அந்தப் படிவத்தை எடுத்துப் பார்த்தார். வெள்ளைத் தாளின் நடுவில் ஒரு சமக்குறி மட்டும் அச்சடித்திருந்தது. இரண்டு பக்கமும் காலி. கார்த்திகேசு முக்கால் மணி நேரம் அந்தக் குறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் இடது பக்கம் ‘கரை உடையப் போகுது’ என்றும் வலது பக்கம் ‘நாங்க சாகப் போறோம்’ என்றும் எழுதிக் கொடுத்தார்.

ஷர்மினிக்கு உண்மையாகவே சந்தோஷம். “பரவாயில்லயே! ஆனா நிரூபணம் வேணும்ணே.”

“இதுக்கு எப்படிம்மா நிரூபணம் கொண்டாறது?”

“வலது பக்கம் நடந்திருக்கணும்,” என்றாள் அவள். அதைச் சொல்லும்போதும் முகத்தில் இருந்த கனிவு குறையவில்லை. “நடக்காட்டி அது வெறும் ஊகம்தான். சரி, வாங்க, டைரக்டரையே பாத்துடுங்க. உங்கள மாதிரி ஆளுங்கள அவருக்கு ரொம்ப பிடிக்கும்.”

டைரக்டர் டாக்டர் தர்மேந்திரனுக்குப் பிடித்த ஆட்கள் அவர் பேசும்போது நின்றுகொண்டு கேட்பவர்கள். கார்த்திகேசுவை நிற்கவைத்துவிட்டு அவர் எழுந்தார்.

“நானும் லயத்துப் பிள்ளைதான், அண்ணே,” என்றார். இதை அவர் எல்லாக் கூட்டத்திலும் சொல்வார். லயத்தில் இருந்தது இரண்டு வயது வரைக்கும். அதற்குப் பிறகு புந்தோங், அதற்குப் பிறகு லண்டன். “அந்த இருட்டிலிருந்து என்னைக் கைப்பிடித்துக் கூட்டிவந்தது எது? கணிதம். மழை கணிதம். ஆறு கணிதம். நீங்கள் காலையில் ஆற்றிக் குடிக்கிறீர்களே தே தாரிக், அது எந்த வேகத்தில் சூடு தணிகிறது என்பதும் கணிதம். இதைப் பாருங்கள்.”

சுவரில் ஒரு படம் ஒளிர்ந்தது. மூன்று நீலக் கோடுகள். மூன்றும் ஒரே உயரத்தில் போய், கத்தியால் வெட்டினாற்போல் நின்றன.

“உங்கள் ஆறு. மூன்று வெள்ளம். இரண்டு மீட்டர், இரண்டு மீட்டர், இரண்டு மீட்டர். ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் உண்டா? உலகத்தில் எந்த ஆற்றுக்கும் இந்த ஒழுக்கம் இல்லை. நான் இதை ஜெனிவாவில் வாசித்தேன். எழுந்து நின்று கை தட்டினார்கள்.”

கார்த்திகேசு கோடுகள் நின்ற இடத்தைக் கை காட்டினார். “துவான், அது ரெண்டு மீட்டருக்கு வந்தவொடன நான்தான் பெட்டிய கழட்டிடுறேன். ஏழாவது விதி.”

“கழற்றிய பிறகு பெட்டி என்ன காட்டியது?”

“பெட்டி கோயில்ல இருந்துச்சு துவான். ஒன்னும் காட்டல.”

“ஒன்றும் காட்டவில்லை என்றால் பூஜ்யம். அதாவது, இரண்டு மீட்டரைத் தொட்ட மாத்திரத்தில் தண்ணீர் வடிந்துவிட்டது. கரை எவ்வளவு? இரண்டு மீட்டர் பத்து. பத்து சென்டிமீட்டர் மிச்சம் இருக்கிறது. இதில் உயர்த்துவதற்கு என்ன இருக்கிறது?”

“வீட்டுக்குள்ள நெஞ்சு வரைக்கும் தண்ணி நின்னுச்சு துவான். நாலு நாளு.”

“அது ஆற்றுத் தண்ணீர் அல்ல. ஆறுதான் கரையைத் தாண்டவே இல்லையே. அதற்கு நாங்கள் ‘காரணம் ஆய்விலுள்ள ஈரம்’ என்று பெயர் வைத்திருக்கிறோம்.” அவர் தாளை இழுத்தார். “இருந்தாலும் உங்களுக்காகப் போட்டுப் பார்ப்போம். நெஞ்சு வரை என்றால் நூற்று இருபது சென்டிமீட்டர். நாலு நாள். பெருக்கினால் நானூற்று எண்பது. வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாள். வகுத்தால் ஒன்று புள்ளி மூன்று. உங்கள் வீட்டில் சராசரியாக ஒன்று புள்ளி மூன்று சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கிறது. இதற்கா அண்ணே பஸ் ஏறி வந்தீர்கள்?”

பெருக்கல் சரி. வகுத்தலும் சரி. கார்த்திகேசு நின்ற இடத்திலேயே மனசுக்குள் இரண்டு தரம் போட்டுப் பார்த்தார். எங்கே ஏமாற்றினார்கள் என்று அவருக்குப் பிடிபடவில்லை. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

ஆனால் வாரியம் அவரை மறக்கவில்லை. ஆகஸ்டு மாதம் ‘அன்றாட வாழ்வில் கணிதம்’ விழா என்று சொல்லி ஒரு வேனும் இரண்டு காரும் லயத்துக்கு வந்தன. கோயில் முன்னால் கூடாரம் போட்டார்கள். ஷர்மினி வீடு வீடாகப் போய்த் தலைகளை எண்ணி எழுதிக்கொண்டாள். டைரக்டர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“கிளன்பர்ன் மக்களே, நீங்கள் கணிதத்திலேயே வாழ்கிறீர்கள், ஆனால் உங்களுக்கு அது தெரியவில்லை. ரொட்டி சானாய் ஒரு வட்டம். வெள்ளம் ஒரு நிகழ்தகவு. இப்படிப்பட்ட வெள்ளம் நூறு வருஷத்துக்கு ஒரு தரம்தான் வரும் என்பது எங்கள் கணிப்பு. நீங்கள் மூன்று வருஷத்தில் மூன்றைப் பார்த்துவிட்டீர்கள். அதாவது முந்நூறு வருஷத்து வெள்ளத்தை முன்கூட்டியே முடித்துவிட்டீர்கள். இனி உங்கள் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள்கூட நிம்மதியாகத் தூங்கலாம். கை தட்டுங்கள்.”

சிலர் தட்டினார்கள். சாப்பாடு உண்டு என்று சொல்லியிருந்தார்கள்.

“ஆனாலும் வாரியத்துக்கு மனிதாபிமானம் இருக்கிறது. உங்கள் வீட்டில் நிற்கும் ஒன்று புள்ளி மூன்று சென்டிமீட்டர் ஈரத்தை நாங்கள் அலட்சியப்படுத்தவில்லை. ஆளுக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. அடிப்பாகம் இரண்டு சென்டிமீட்டர். புள்ளி ஏழு பாதுகாப்பு இடைவெளி. இந்த மண்ணில் உங்கள் பெற்றோர் சீவிய பால் இன்று உங்கள் காலைக் காக்கிறது!” சொல்லிவிட்டு அவர் கண்ணைத் துடைத்தார். செருப்பு சீனாவில் செய்தது.

செல்லாயியின் மடியிலும் ஒரு ஜோடி வந்து விழுந்தது. “ஒத்தக் கால்காரிக்கு ரெண்டு எதுக்கும்மா?” என்று கேட்டாள்.

“தலைக்கு ரெண்டுன்னு சராசரி போட்டுதான் ஆர்டர் குடுத்தோம்க்கா,” என்றாள் ஷர்மினி. “இப்ப மாத்தினா கணக்கு இடிக்கும்லா.”

சனம் சிரித்தது. செல்லாயியும் சிரித்தாள். கார்த்திகேசுவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்த மூன்று நீலக் கோடுகளும் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்றன. கோடுகளை வெட்டியது தன் கை என்று அவருக்குத் தெரியும். கழற்றாமல் விட்டிருந்தால் பெட்டி உண்மையைச் சொல்லியிருக்கும். இந்த ஆட்களுக்கு மனுசன் பேச்சு எடுபடாது. சரி, பெட்டி பேசட்டும்.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு அவர் பாலத்தடிக்குப் போனபோது எண் 1.60 காட்டியது. ஆறு செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு போனது. இரண்டரை மணிக்கு 1.90. மூன்று மணிக்கு 2.00.

கை பழக்கத்தில் பூட்டுக்குப் போனது. கழற்றவில்லை. பெட்டியை ஒரு பல் மேலே தள்ளி மாட்டினார். 2.10. இன்னொரு பல். 2.30. இடுப்புவரை தண்ணீரில் பாலத்துத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். நின்றவருக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க முடியாது. ஈப்போவில் அந்தச் சுவரில் இப்போது நீலக் கோடு ஏறிக்கொண்டிருக்கும், டாக்டர் தர்மேந்திரன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தார். 2.60. “போடு, போடு,” என்று ஆற்றையே உசுப்பேற்றினார். செல்லாயியைப் பற்றி அவர் நினைக்காமல் இல்லை. யுகேந்திரன் இருக்கிறான், நேரம் தவறாமல் தள்ளிக்கொண்டு போயிருப்பான் என்று நினைத்தார்.

லயத்தில் எல்லாரும் மூட்டை கட்டித் தயாராக வாசலில் நின்றிருந்தார்கள். யுகேந்திரனின் மனைவி தினேஸ்வரி ஏழு மாத வயிற்றோடு இரண்டு தரம் கேட்டாள், கிளம்பலாமா என்று. “இருலா, பெட்டி இன்னும் வரல. இன்னிக்கு தண்ணி ஏறாது போல,” என்றான் யுகேந்திரன். செல்லாயியும் உள்ளேயிருந்து அதையேதான் சொன்னாள். பெட்டி வரவில்லை என்றால் பயமில்லை. அவள் புருசன் கொண்டுவருகிற பெட்டி அல்லவா.

தண்ணீர் முன்பக்கம் வழிவதற்கு முன்பே கரை பின்பக்க வளைவில் ஒரேயடியாக உடைந்தது. வாசலில் நின்றவர்கள் ஓடிப் போய் லோரி மேலும் கூரை மேலும் ஏறினார்கள். யுகேந்திரன் மனைவியைத் தூக்கி லோரியில் போட்டுவிட்டுச் செல்லாயி வீட்டுக்குத் திரும்பி நீந்தினான். கதவு தண்ணீரின் பாரத்தில் திறக்கவில்லை. கூரை ஓட்டைப் பிரித்து உள்ளே இறங்கியபோது நாற்காலி கவிழ்ந்து கிடந்தது.

அவன் பாலத்துக்கு வந்தபோது மணி நாலரை. கார்த்திகேசு பெட்டியைப் பிடித்துக்கொண்டு, “மூணு புள்ளி ஒன்னுலா! பாத்தியா, மூணு புள்ளி ஒன்னு!” என்று கத்தினார்.

யுகேந்திரன் அவர் முகத்தைப் பார்த்தான்.

“பெட்டி ஏண்ணே வரல?” என்று கேட்டான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் ஈப்போவிலிருந்து இரண்டு கடிதங்கள் ஒரே உறையில் வந்தன. ஒன்று, வாரியத்தின் வரலாற்றிலேயே முதல் முறையாக முழுமையான வெள்ளத் தரவு வழங்கியதற்காகப் பாராட்டுச் சான்றிதழ் பெற அழைப்பு. மற்றது, ஏழாவது விதியை மீறியதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று விளக்கம் கேட்டு. இரண்டுக்கும் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே அறை. கார்த்திகேசு போனார். கரைக்காகத்தான் போனார். லயத்தில் இன்னும் சனம் இருக்கிறது, தினேஸ்வரி இருக்கிறாள். செல்லாயிக்காகச் செய்ய இனி ஒன்றும் இல்லை என்றாலும், கரை எழும்பினால் அவள் சும்மா போகவில்லை என்றாவது ஆகும். அந்த ஒரு நினைப்பில்தான் அவர் அந்தப் பதினாறு நாளும் சோறு தின்றார்.

முதலில் ஒரு நிமிஷ மௌனம். ஷர்மினி கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். ஐம்பத்தெட்டாவது வினாடியில் யாரோ இருமியதால் மறுபடி முதலிலிருந்து நின்றார்கள்.

பிறகு டைரக்டர் பேசினார். “நண்பர்களே, இந்த மூன்று புள்ளி ஒன்றைப் பார்த்ததும் நான் முதலில் கருவிக் கோளாறு என்றுதான் ஒதுக்கினேன். உண்மையைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் அந்த இறப்புச் சான்றிதழ் வந்த பிறகு தரவு உறுதியாகிவிட்டது. ஒரு சுதந்திரமான சாட்சி. அறிவியலுக்கு இதைவிட என்ன வேண்டும்? அண்ணே, உங்கள் மனைவி ஒரு முக்கியமான புள்ளி.”

எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவர் குறித்துக்கொண்டார்.

“கரை, துவான்?” என்றார் கார்த்திகேசு.

“கட்டாயம். இனி மறுக்கவே முடியாது. ஆறு இரண்டு மீட்டரைத் தாண்டும் என்று நிரூபணமாகிவிட்டது. உங்கள் மனு அடுத்த கட்டத்துக்குப் போகிறது. ஷர்மினி, அடுத்த கட்டம் என்ன?”

ஷர்மினி ஒரு தாளைத் திருப்பினாள். “மக்கள் தொகைண்ணே. கரை ஒசத்தணும்னா அந்த எடத்துல ஆகக் கொறஞ்சது நாப்பது பேர் இருக்கணும். இப்ப உங்க லயத்துல எத்தன பேரு?”

கார்த்திகேசு எண்ணினார். முதல் வரிசை, இரண்டாம் வரிசை. விரல்விட்டு எண்ணினார். தன் வீட்டில் ஒன்று என்று மடக்கினார். அறை பொறுமையாகக் காத்திருந்தது. எண்ணுகிற மனிதனை அங்கே யாரும் அவசரப்படுத்துவதில்லை.

“முப்பத்தொம்போது,” என்றார்.

டைரக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார். அவர் வருத்தம் உண்மையான வருத்தம். “ஐயோ. ஒன்றே ஒன்று. இவ்வளவு கிட்ட வந்து… நூற்றுக்குத் தொண்ணூற்றேழரை. பள்ளிக்கூடமாக இருந்தால் உங்களுக்கு முதல் தர மதிப்பெண்.”

“ஆகஸ்டு மாசம் இந்த அம்மா வந்து எண்ணுனப்ப நாங்க நாப்பது பேரு இருந்தோம், துவான்.” அவர் குரல் உயரவில்லை. “அப்பவே ஏன் ஒசத்தல?”

டாக்டர் தர்மேந்திரன் அவர் தோளில் கையை வைத்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்.

“அப்போது ஆறு இரண்டு மீட்டரைத் தாண்டவில்லையே, அண்ணே.”

கார்த்திகேசு நின்ற இடத்திலேயே மறுபடி மனசுக்குள் போட்டுப் பார்த்தார். அப்போது ஆள் இருந்தது, தண்ணீர் இல்லை. இப்போது தண்ணீர் இருக்கிறது, ஆள் இல்லை. எங்கேயும் பிழை இல்லை. யாரோ சான்றிதழை நீட்டினார்கள், யாரோ படம் பிடித்தார்கள். வாங்கிக்கொண்டார். கணக்கு சரியாக இருந்தது, அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அங்கேயே, அத்தனை பேர் முன்னால், அவர் முதல் தடவையாகச் செல்லாயிக்காக அழுதார். எவ்வளவு நேரம் அழுதார் என்பதை ஷர்மினி குறித்துக்கொண்டாள்.